சாய்வாக இழுக்கும் விசையை ஏன் இரண்டாகப் பிரிக்கிறோம்? முடுக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு சாய்வான விசை செய்யும் வேலையையே கிடைமட்டமாக ஒன்று, செங்குத்தாக ஒன்று என இரண்டு விசைகளும் சேர்ந்து செய்ய முடியும். அந்த இரண்டும்தான் அதன் கூறுகள். மைதானத்தைக் குறுக்கே கடப்பவர் கிழக்கே இவ்வளவு, வடக்கே இவ்வளவு போயிருக்கிறார் என்று தனித்தனியாகச் சொல்கிறோமே, அதே மாதிரிதான்.

பிரிப்பதற்குக் காரணம், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளில் ஒன்றில் உள்ள விசை மற்றதில் முடுக்கம் தராது. அதனால் ஒவ்வொரு திசைக்கும் தனிக்கணக்கு போடலாம்.

25 கிலோ அரிசி மூட்டையைக் கயிறு கட்டி, தரையிலிருந்து 30 டிகிரி கோணத்தில் 100 நியூட்டன் விசையால் இழுக்கிறீர்கள். கிடைமட்டக் கூறு 100 × கொசைன் 30, அதாவது சுமார் 87 நியூட்டன். மேல்நோக்கிய கூறு 100 × சைன் 30, அதாவது 50 நியூட்டன்.

இந்த 50 வீணாகப் போவதில்லை, எனக்குப் பிடித்த இடமே இதுதான். மூட்டையின் எடை சுமார் 250 நியூட்டன். கயிறு 50-ஐத் தாங்குவதால் தரை 200-ஐத் தாங்கினால் போதும். உராய்வுக் குணகம், அதாவது தரை தாங்கும் விசையில் எத்தனை பங்கு உராய்வாகிறது என்ற எண், 0.3 என்றால் உராய்வு 75-லிருந்து 60 ஆகக் குறைகிறது. கொஞ்சம் தூக்கினாற்போல இழுத்தால் மூட்டை லேசாக வருவது இதனால்தான்.

சரி, நிகர விசை 87 − 60 = 27 நியூட்டன். நிறை 25-ஆல் வகுத்தால் முடுக்கம் சுமார் 1.1 மீ/வி².

தரை தாங்கும் விசை எப்போதும் எடைக்குச் சமம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். சமதளத்தில், செங்குத்துத் திசையில் வேறு விசையும் முடுக்கமும் இல்லாதபோது மட்டுமே அது சரி.