ஃபேன்டசி கதைகளில் எல்ஃப் என்றாலே அழகு, குள்ளர் என்றாலே தாடி: ஏன் இப்படி?

எல்ஃப், குள்ளர் போன்ற கற்பனை இனங்களில் ஓர் இனம் முழுவதற்கும் ஒரே தோற்றம், ஒரே குணம் கொடுத்துவிடும் வழக்கம் இது. எல்ஃப் என்றால் கூர்காது, வில், ஞானம். குள்ளர் என்றால் கோடரி, சுரங்கம், கொஞ்சம் முன்கோபம்.

எழுத்தாளருக்கு அறிமுக வேலை மிச்சம் என்பதுதான் காரணம். சிவப்பு விளக்கைப் பார்த்ததும் வண்டி நிற்பதுபோல, கோடரியைப் பார்த்ததுமே வாசகருக்கு ஆள் யாரென்று புரிந்துவிடும். ஆங்கில எழுத்தாளர் டோல்கியனின் ‘தி ஹாபிட்’ (1937), ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ (1954–55) நாவல்கள் இந்த அச்சை வார்த்தன. 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற, கதாபாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டு அதை இனவாரி விதிகளாகவே எழுதிவைத்தது. அப்புறம் வீடியோ கேம்களும் அதையே பிடித்துக்கொண்டன. ஓர்க் என்ற அரக்க இனத்தின் பாடுதான் பாவம், பிறவியிலேயே வில்லன்!

பழங்கதை எல்ஃபும் இப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய ஆங்கில மருத்துவக் குறிப்புகளிலோ அது அம்பெய்து உடம்பில் குத்துவலி வரவைக்கும் ஆபத்தான ஆசாமி.