யாப்பை எடுத்து வாசியுங்கோ: சங்கக் கூட்டக் கேள்வி பதில்

கேள்வி: வாய்க்கால் துப்பரவாக்க ஏக்கருக்கு இவ்வளவு எண்டு காசு சேர்ப்பம் எண்டு எங்கட கமக்காரர் அமைப்பில ஒரு தீர்மானம் வந்தது. வந்திருந்தது 48 பேர். ஆதரவா 21 கை, எதிரா 19, மிச்ச 8 பேர் கையே தூக்கேல்லை. தலைவர் நிறைவேறீட்டுது எண்டுறார். 48 இல 21 எப்பிடிப் பெரும்பான்மை எண்டு மற்றப் பக்கம் சண்டை. இப்ப வாய்க்காலும் அப்பிடியே கிடக்கு. (முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு கமக்காரர்)

பதில்: பொது நடைமுறைப்படி தலைவர் சொன்னதுதான் சரி. வோட்டுப் போட்டவை 40 பேர், அதில பாதி 20, 21 அதுக்கு மேல. கை தூக்காம இருந்த எட்டுப் பேரையும் கணக்கில சேர்த்தா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ, அவை பேசாம இருந்தது "வேண்டாம்" எண்டு சொன்னமாதிரி ஆயிடும், ஆனா அவை அப்பிடிச் சொல்லவே இல்லையே. ஆனா உங்கட யாப்பில, அதாவது அமைப்பின்ர விதிகள் எழுதின புத்தகத்தில, ஒரு சொல்லைத் தேடிப் பார்க்கவேணும். "வாக்களித்தோரில் பெரும்பான்மை" எண்டு இருந்தா 21 போதும். "சமுகமளித்த அங்கத்தவர்களில் பெரும்பான்மை" எண்டு இருந்தா 25 வேணும், தீர்மானம் தோத்துப்போச்சு. ரெண்டும் இல்லாம வெறும் "பெரும்பான்மை" எண்டா முதலாவது கணக்குத்தான். யாப்பு கையில இல்லையெண்டா அமைப்பைப் பதிஞ்ச இடத்தில, கமநல சேவை நிலையத்தில கேளுங்கோ. 21, 19 எண்ட எண்ணிக்கையை மறக்காம கூட்டறிக்கையில எழுதுவியுங்கோ, "பெரும்பான்மையால் நிறைவேறியது" எண்டு மட்டும் எழுதினா அடுத்த வருசமும் இதே சண்டை வரும்.

கேள்வி: மாதர் சங்கப் பொதுக்கூட்டத்துக்கு கோரம் (கூட்டம் செல்லுறதுக்கு ஆகக்குறைஞ்சது இருக்கவேண்டிய ஆக்கள்) 30. தொடங்கேக்க 34 பேர். தெரிவு கடைசியில வந்தது, அதுக்குள்ள பஸ்ஸுக்கு நேரமாச்சு எண்டு பாதிப்பேர் எழும்பிப் போட்டினம், 17 பேர்தான் நிண்டு தலைவியைத் தெரிஞ்சவை. செல்லுமோ? (மல்லாவி)

பதில்: செல்லாது தங்கச்சி. தொடங்கேக்க வரவுப் புத்தகத்தில எத்தினை கையெழுத்து எண்டது வேற, வோட்டெடுக்கேக்க மண்டபத்தில எத்தினை பேர் எண்டது வேற. கோரம் குறைஞ்சா அந்த இடத்தில செய்யக்கூடியது கூட்டத்தை ஒத்திவைச்சு அடுத்த திகதியைக் குறிக்கிறதுதான். ஒத்திவைச்ச கூட்டத்துக்கு வாறவையே கோரம் எண்டு சில யாப்பில இருக்கும், உங்கட யாப்பில அப்பிடி எழுதியிருந்தா மட்டும் அதைப் பாவிக்கலாம். எனக்கு இதில உண்மையா மனவருத்தம், ஏன் எண்டா கைக்குழந்தையோட தூரத்தில இருந்து வாற பெண்கள்தான் முதல்ல எழும்பவேண்டி வருது, அவையின்ர வோட்டுத்தான் எப்பவும் இல்லாமப் போகுது. தெரிவை நிகழ்ச்சி நிரலில மேல கொண்டுவாங்கோ, உரையெல்லாம் பிறகு வைக்கலாம். வோட்டுக்கு முதல் "ஆக்களை எண்ணுங்கோ" எண்டு கேக்க எந்த உறுப்பினருக்கும் உரிமை இருக்கு.

கேள்வி: எங்கட கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில தலைவர் தொடர்ந்து ரெண்டு முறைதான் இருக்கலாம். போன கூட்டத்தில "வேறு விடயங்கள்" எண்ட இடத்தில ஒருத்தர் எழும்பி அந்த விதியை நீக்குவம் எண்டார், எல்லாரும் கை தூக்கினம், ஒருத்தரும் எதிர்க்கேல்லை. பிறகு என்ன பிழை? (முல்லைத்தீவுக் கரை)

பதில்: அண்டைக்குக் கடலுக்குப் போன உறுப்பினர் ஒருத்தரை நினைச்சுப் பாருங்கோ. அழைப்புக் கடிதத்தில விதி மாத்தம் எண்டு இருந்திருந்தா அவர் தொழிலை விட்டிட்டு வந்திருப்பார். முன்னறிவித்தல் எண்டது வராத ஆளின்ர உரிமை, வந்த எல்லாரும் சேர்ந்து கை தூக்கினாலும் அதை விட்டுக்குடுக்க அவைக்கு அதிகாரம் இல்லை. ரொபேட்ஸ் றூல்ஸ் எண்ட கூட்ட நடைமுறைப் புத்தகமும் இதைத்தான் சொல்லுது: விதியில வேற மாதிரி இல்லையெண்டா, முன்னறிவித்தலோட மூண்டில ரெண்டு பங்கு வோட்டு வேணும். அதை எழுதின ஹென்றி மார்டின் ரொபேட் அமெரிக்க இராணுவத்தில பொறியியலாளர், 1863 இல நியூ பெட்ஃபோர்ட் எண்ட ஊரில ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கப் போய், கூட்டம் குழம்பி, அந்த வெக்கத்தில நடைமுறையைப் படிக்கத் தொடங்கி 1876 இல புத்தகத்தை வெளியிட்டவர். அது எங்கட நாட்டுச் சட்டம் இல்லை, உங்கட விதி அதை ஏத்துக்கொண்டிருந்தாத்தான் கட்டுப்படுத்தும். ஆனா கூட்டுறவுக்கு 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இருக்கு, அதின்படி உபவிதியில (சங்கத்தின்ர சொந்த விதியில) செய்யிற திருத்தம் கூட்டுறவுப் பதிவாளர் பதிஞ்சாத்தான் செல்லும். அதுவரைக்கும் பழைய விதிதான், தலைவர் மூண்டாம் முறை நிக்கேலாது.

கேள்வி: வோட்டு சமமா வந்தா தலைவருக்கு ரெண்டாவது வோட்டு இருக்கோ? (பூநகரி)

பதில்: யாப்பில அறுதியிடும் வாக்கு எண்டு குடுத்திருந்தா இருக்கு. இல்லையெண்டா சமன் எண்டது தோல்வி, தீர்மானம் விழுந்திட்டுது.

கேள்வி: செயலாளர் கூட்டறிக்கைப் புத்தகத்தை வீட்டில வைச்சிருக்கிறார், கேட்டா காட்டுறார் இல்லை. (கனகராயன்குளம்)

பதில்: புத்தகம் சங்கத்தின்ர. அவரிட்ட இருக்கிறது பொறுப்புக்கு மட்டும்தான். அடுத்த கூட்டத்தில போன அறிக்கையை முழுசா வாசிக்கச் சொல்லிக் கேளுங்கோ, பிழை இருந்தா ஏற்கிறதுக்கு முதலே திருத்தச் சொல்லுங்கோ, பிறகுதான் ஒருத்தர் முன்மொழிய ஒருத்தர் வழிமொழிய வேணும். ஆர் என்ன சத்தம் போட்டவை எண்டு எழுதத் தேவையில்லை, முடிவு, முன்மொழிஞ்சவர், வோட்டு எண்ணிக்கை, காசு விபரம் இருந்தாக் காணும். 2009 இல இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்த சனம் நாங்கள், எத்தினையோ சங்கத்தின்ர புத்தகம் அந்தப் பாதையில போயிட்டுது, ஆர் ஆருக்கு எவ்வளவு கடன், எந்தக் காணி பொதுக்காணி எண்டு சொல்ல ஒரு தாளும் இல்லாம நிண்டதை நான் பார்த்திருக்கிறன். அதால ஏத்துக்கொண்ட பக்கத்தை அண்டைக்கே போனில படமெடுத்து மூண்டு நாலு பேரிட்ட வைச்சிருங்கோ, செயலாளர் மாறினாலும் வீடு மாறினாலும் கிடக்கும்.