உரத்திலிருந்து வெளியேறும் அம்மோனியாவைக் கணக்கிட, இட்ட நைட்ரஜனை ஒரு காரணியால் பெருக்கினால் போதாதா?

ஒரு நாட்டின் ஆண்டுக் கணக்குக்குப் போதும். இந்த வயலில் இந்த வாரம் எவ்வளவு போகும் என்றால் போதாது.

யூரியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈரம் பட்டதும் மண்ணிலுள்ள யூரியேஸ் நொதி அதை உடைத்து அம்மோனியமாக்கும். அப்போது குருணையைச் சுற்றியுள்ள கொஞ்சம் மண்ணில் மட்டும் பிஹெச் (அமில-காரத் தன்மையின் அளவு) 9-ஐ நெருங்கிவிடும். இழப்பைக் கணக்கிடும் கணித மாதிரியின் உயிர்நாடியே இதுதான். 25 டிகிரி செல்சியஸில் பிஹெச் 7 என்றால், கரைசலில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே காற்றில் பறக்கக்கூடிய அம்மோனியா வடிவில் இருக்கும் (மீதி பறக்காத அம்மோனியம்), 9.25-இல் சரிபாதி. வயலின் சராசரி பிஹெச்சை உள்ளிட்டுவிட்டு "மாதிரி குறைத்துக் காட்டுகிறதே" என்று புலம்புபவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான்.

பிறகு இயற்பியல். கரைசலுக்கும் காற்றுக்கும் இடையிலான பங்கீட்டை ஹென்றி விதி தரும். மேலே போகும் வேகத்தைக் காற்றோட்டமும் பயிர் மறைப்பும் தீர்மானிக்கும். இலைகள் கொஞ்சத்தை உறிஞ்சவும் செய்யும்.

மழை தனிக் கதை. லேசான தூறல் யூரியாவைக் கரைத்து இழப்பைக் கூட்டலாம்; நல்ல மழை அதை மண்ணுக்குள் இறக்கி இழப்பை அடக்கும். ஆகவே நாள் சராசரியை நம்பாதீர்கள், மணிவாரி வானிலைத் தரவு தேடுங்கள். விடை நைட்ரஜன் எடையா அம்மோனியா எடையா என்பதையும் குறித்துவிடுங்கள். இடையே 17/14 மடங்கு வித்தியாசம்.