ரம்மை எடுத்தாச்சு, சர்க்கரையை என்ன செய்ய?

கேள்வி: கல்லீரலில் கொழுப்பு என்று டாக்டர் சொன்னதிலிருந்து என் கணவர் மதுவைத் தொடுவதில்லை. அடுத்த மாதம் எங்கள் 25-வது திருமண நாள், மொட்டை மாடியில் விருந்து. "பினா கொலாடா, மொஜிட்டோ எல்லாம் ரம் இல்லாமல் போடலாம்மா. பழம்தானே, உடம்புக்கு நல்லது" என்கிறாள் மகள். டின் தேங்காய் க்ரீம், பாக்கெட் அன்னாசி ஜூஸ் வாங்கி, சத்துக்குச் சியா விதையும் புரோட்டீன் பவுடரும் சேர்ப்பாளாம். மாமியாருக்குச் சர்க்கரை நோய் வேறு. இது சரிவருமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: மகள் சொல்வது பாதி சரி. பழம் வரைக்கும் பிரச்சினை இல்லை, டின்னில்தான் சிக்கல்.

ரம், அன்னாசி ஜூஸ், தேங்காய் க்ரீம் கலந்த பினா கொலாடா பிறந்தது கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவில். 1954-இல் எங்கள் பார் ஊழியர் ரமோன் மரேரோ கலந்ததுதான் என்கிறது சான் ஹுவான் நகரின் கரீபே ஹில்டன் ஹோட்டல். இல்லை, எங்களுடையது என்கிறது அதே ஊரில் உள்ள பர்ராச்சினா உணவகம். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். அந்தப் பானம் ஊரெங்கும் பரவக் கைகொடுத்தது கோகோ லோபெஸ் என்ற டின் தேங்காய் க்ரீம். துருவிப் பிழியும் வேலை மிச்சமானது. ஆனால் அது வெறும் தேங்காய்ப் பால் இல்லை, சர்க்கரை தாராளமாகச் சேர்த்த க்ரீம். இரண்டு மேசைக்கரண்டியிலேயே 20 கிராம் அளவுக்குச் சர்க்கரை வந்துவிடும். அதனுடன் ஒரு டம்ளர் அன்னாசி ஜூஸ் என்றால் இன்னொரு 18 கிராம்.

இப்போது ரம்மை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? 50 மில்லி ரம்மில் சுமார் 110 கலோரி இருக்கிறது, அது குறையும். சர்க்கரை குறையவே குறையாது, ஏனென்றால் அது ரம்மிலிருந்து வரவில்லை. ரம் இருந்த இடத்தை ஜூஸால் நிரப்பினால் கூடத்தான் செய்யும். சேர்க்கும் சர்க்கரையும் தேனும் பழச்சாறும் சேர்ந்து ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. உங்கள் கணவர் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. சர்க்கரையிலும் பழச்சாறிலும் இருக்கும் ஃப்ரக்டோஸைப் பெரும்பாலும் கல்லீரல்தான் கையாள வேண்டும். அளவு மிஞ்சினால் அதைக் கொழுப்பாக மாற்றும். மதுவை விட்டவர் கையில் இந்த டம்ளரைக் கொடுப்பதில் என்ன லாபம்?

ஆனால் ரம்முக்கு ஒரு வேலை இருந்தது. இனிப்பை வெட்டும் காரமும், லேசாகக் கருகிய வெல்லப்பாகு வாசனையும் அதிலிருந்துதான் வந்தன. அது போனதும் பானம் பாயசம்போல் ஆகிவிடும், ரெண்டு வாய்க்கு மேல் இறங்காது. அந்த வேலையை வேறு எதற்காவது கொடுக்க வேண்டும். நான் செய்வது இதுதான். அன்னாசித் துண்டுகள் 200 கிராம் எடுத்து, பாதியை முந்தின நாளே ஃப்ரீஸரில் வைத்துவிடுங்கள். மீதியை எண்ணெய் இல்லாமல் தோசைக்கல்லில் ஓரம் பழுப்பாகும்வரை வாட்டி ஆறவிடுங்கள். அந்த வாசனை ரம்முக்குக் கிட்டத்தில் வரும். ஒரு இளநீரின் வழுக்கை, அரை டம்ளர் இளநீர், கெட்டியான முதல் தேங்காய்ப் பால் இரண்டு மேசைக்கரண்டி, சின்னத் துண்டு இஞ்சி, அரை எலுமிச்சையின் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து, வடிகட்டாமல் ஊற்றுங்கள். இரண்டு சின்ன டம்ளர் வரும். டம்ளருக்கு 12 கிராம் அளவுக்குத்தான் சர்க்கரை, அதுவும் நாரோடு. வழவழப்பை வழுக்கை பார்த்துக்கொள்ளும், ஆகவே தேங்காய்ப் பாலை ஊற்றித் தள்ள வேண்டாம். அதில் நிறைகொழுப்பு அதிகம். உறைந்த பழம் இருப்பதால் ஐஸும் தேவையில்லை.

சியா விதையை விட்டுவிடச் சொல்லுங்கள். நல்ல நார்தான், ஆனால் இதில் கொழகொழவென்று மிதக்கும். புரோட்டீன் பவுடர் வேண்டவே வேண்டாம். பச்சை அன்னாசியில் இருக்கும் ப்ரோமிலெய்ன் என்ற நொதி பால் புரதத்தைச் சிதைத்துக் கசக்க வைக்கும். விருந்தாளி வருவதற்குள் மொத்தமும் வீணாகிவிடும். சத்து வேண்டுமென்றால் அன்னாசியே கொடுக்கிறது, 100 கிராமுக்குச் சுமார் 45 மில்லிகிராம் வைட்டமின் சி. வாட்டிய பாதியில் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

மொஜிட்டோ இதைவிட எளிது. கியூபாக்காரர்களின் புதினா, எலுமிச்சை, சர்க்கரை, சோடா, ரம் என்ற கூட்டணியில் சர்க்கரையையும் ரம்மையும் எடுத்தாலும் மிச்சமிருப்பது நின்று பேசும். புதினாவை லேசாகத் தட்டினால் போதும், நசுக்கினால் கசக்கும். ஹோட்டல்களில் பச்சை சிரப் ஊற்றித் தருகிறார்களே, அதை மறந்துவிடுங்கள். மூன்றாவதாக ஒன்று வேண்டுமா? 1944-இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் விக்டர் பெர்ஜரோன் உருவாக்கிய மாய் டாய் என்ற ரம் பானத்தில் பாதாம் சிரப் உண்டு. ஊறவைத்து அரைத்த பாதாம் பாலில் எலுமிச்சைச் சாறும் கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் துருவலும் சேர்த்து உடனே பரிமாறுங்கள், வைத்தால் திரியும்.

தேன், நாட்டுச்சர்க்கரை என்று யாராவது சொல்வார்கள். அதுவும் இனிப்புக் கணக்கில்தான் சேரும்.

மாமியாருக்கு மொஜிட்டோவைத் தாராளமாகக் கொடுங்கள். பினா கொலாடா என்றால் பாதி டம்ளர், சாப்பாட்டோடு, சோற்றைக் கொஞ்சம் குறைத்து. சிறுநீரகக் கோளாறும் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இளநீர் வேண்டாம், பொட்டாசியம் அதிகம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குடியை விட்ட சிலருக்கு அந்தப் பெயரும் அந்தக் கிளாஸும் கையில் வந்தாலே பழைய ஆசை எழும். சிலருக்கு ஒன்றுமே ஆகாது. உங்கள் கணவர் எந்த ரகம் என்று மகளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. மெனு போடுவதற்கு முன் அவரிடமே கேளுங்கள். தயங்கினால் குடை குத்திய கிளாஸ் வேண்டாம், எவர்சில்வர் டம்ளரில் புதினா எலுமிச்சை சோடா என்றே எல்லோருக்கும் கொடுத்துவிடலாம்.