பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள்

உப்புவெளியிலிருந்து எழுதிய சகோதரிக்கு,

உங்கள் நீண்ட கடிதத்தில் நடுவில் ஒரு வரி இருக்கிறது. போன செவ்வாய் காலை அப்பாவின் வலது கையிலிருந்து தேத்தண்ணிக் கோப்பை நழுவி விழுந்தது, துணி கேட்க வாயெடுத்தவர் “து... து...” என்று திணறினார், பத்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. இதை வாசித்ததும் அவரை வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

“மூளையில் எந்தப் பகுதி தேய்ந்துவிட்டது?” என்று கேட்கிறீர்கள். எதுவும் தேயவில்லை. வலது கையை அசைப்பது மூளையின் இடது பாதி. பேச்சைக் கோத்து வாய்க்கு அனுப்பும் இடமும் பெரும்பாலானோருக்கு அதே பக்கத்தில்தான், நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மடலின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. 1861இல் போல் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டுசொன்ன இடம் அது. இரண்டுக்கும் இரத்தம் கொண்டுபோவது ஒரே நாடி. கையும் பேச்சும் ஒன்றாக நின்று ஒன்றாகத் திரும்பினால், அந்த நாடியில் ஒரு இரத்தக்கட்டி வந்து அடைத்துப் பிறகு கரைந்திருக்கிறது என்றே முதலில் நினைக்க வேண்டும். அடுத்த கட்டி கரையாமலே நின்றால் அது பாரிசவாதம். முதல் இரண்டு நாட்கள்தான் மிக ஆபத்தானவை. அவை கடந்துவிட்டன என்பதற்காக இனிப் பயமில்லை என்று ஆகிவிடாது. மூளை உடல் நிறையில் 2 வீதம்தான், ஆனால் ஒட்சிசனில் 20 வீதத்தை அது எடுத்துக்கொள்கிறது, சேமித்து வைக்கவும் தெரியாது.

அன்று பாமசியில் வாங்கி அரை அஸ்பிரின் கொடுத்தீர்களாம். அடைப்பா, இரத்தக்கசிவா என்று சீ.டீ. ஸ்கேன் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. கசிவாக இருந்திருந்தால் அந்த அரைக் குளிசை அதைக் கூட்டியிருக்கலாம். பிரஷர் குளிசையை நாக்கின் கீழ் வைப்பதும் கூடாது: திடீரென்று பிரஷர் இறங்கினால், அரைகுறை இரத்தத்தில் தாக்குப்பிடிக்கும் பகுதியும் செத்துப்போகும். சோடா, கோப்பி என்று எதையும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்கும் தசை சோர்ந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போகும்.

திரும்ப வந்தால் அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டி கரைக்கும் ஊசியை வழமையாக நாலரை மணித்தியாலத்துக்குள் போட்டாக வேண்டும். மூதூர், வெருகல் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பயணத்திலேயே நேரம் போய்விடும். சீனி வருத்தம் உள்ளவர் என்பதால் வீட்டு மீட்டரில் சீனியையும் பாருங்கள். சீனி இறங்கினாலும் கை சோரும், பேச்சு குழறும்.

எல்லாருக்கும் வாய்தான் கோணும் என்றில்லை. பின்தலையில் இருக்கும் சிறுமூளைக்கு இரத்தம் நின்றால் திடீரென்று தலை சுற்றும், வாந்தி வரும், நேராக நடக்க முடியாது. பித்தம் என்று எலுமிச்சம்பழம் கரைத்துக் கொடுத்து வீட்டிலேயே கிடத்திவிடுகிறார்கள். இதுவும் 1990தான். மூளையின் பின்பக்கத்தில் உள்ள பின்மடல் பாதிக்கப்பட்டால் கண்ணில் கோளாறே இல்லாமல் பார்வையில் ஒரு பாதி மறையும்.

மற்றவை: சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது 61 வயதில் வருத்தமல்ல. சாவி எதற்கு என்பதே மறந்தால் எழுதுங்கள். ஊசியில் நூல் கோக்கும்போது உங்கள் விரல் நடுங்குவதும், பத்து வருடமாக மாறாமல் வந்துபோகும் தலையிடியும் மூளைக்கட்டி அல்ல. இணையத்தில் தேடினால் எந்தத் தலையிடியும் மூளைக்கட்டியில்தான் போய் முடியும். அந்தத் தேடலை இன்றோடு நிறுத்துங்கள். வல்லாரைச் சம்பலை அப்பா தாராளமாகச் சாப்பிடட்டும், ஆனால் நாடியில் அடைத்த கட்டியை அது கரைக்காது.

வைத்தியசாலையில் “தலை சுற்றியது” என்று சொல்லிவிடாதீர்கள். “வலது கை சோர்ந்து பேச்சு நின்றது, பத்து நிமிடம்” என்று அப்படியே சொல்லுங்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அதற்காகத் திரும்பி வந்துவிடாமல் ஈ.சீ.ஜி.யும் கழுத்து நாடி ஸ்கேனும் தேவையா என்று கேளுங்கள். இதயத்துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் கட்டி அங்கிருந்தும் வரும், அதற்கு மருந்து வேறு. கிளினிக் கொப்பியையும் அவர் குடிக்கும் குளிசைகளையும், அந்த அரை அஸ்பிரின் மட்டை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.