ஏழரை மணி அழைப்பு

கேள்வி: தோட்ட அலுவலகத்தில் கிராணி (எழுத்தர்) வேலை, இரண்டு பிள்ளைகள், ஷிஃப்ட் வேலைக்குப் போகும் கணவர். புதன்கிழமை மாதர் ஐக்கியம், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், ஞாயிறு பள்ளியில் வகுப்பு, தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு ஸூம் ஜெபம். இவ்வளவு செய்தும் மனதில் சமாதானம் இல்லை. தனிமையான இடத்துக்கு வந்து இளைப்பாறுங்கள் என்னும் மாற்கு 6:31-ஐப் போதகர் காட்டினார். அதன்படி இரவு ஏழரைக்கு அறைக் கதவைச் சாத்தி அரை மணி நேரம் உட்காருகிறேன். சலவை இயந்திரம், இருபது நிமிடத் தொலைவில் தனியாக இருக்கும் அம்மாவின் அழைப்பு, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி என்று ஏதாவது கெடுத்துவிடுகிறது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாலும் அதிர்கிறது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய என் அம்மா நாலு மணிக்கே எழுந்து ஜெபித்துவிட்டுத்தான் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு) போவார். அவருக்கிருந்த அமைதி எனக்கு ஏன் வாய்க்கவில்லை?

— வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: சகோதரி, நேரமில்லை, ஓய்வில்லை என்ற குறை எனக்குப் புதிதல்ல, இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி அதைத்தான் சொல்கின்றன. (உங்கள் கணவரும் இதைப் படிக்கட்டும்: சலவை இயந்திரத்தை ஆண்களும் இயக்கலாம்.) என்னை நிறுத்தியது ஒரே வரி. ஜெபத்தைக் கெடுப்பவை என்று நீங்கள் போட்ட பட்டியலில், சலவை இயந்திரத்துக்கும் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிக்கும் நடுவே உங்களைப் பெற்றவர் இருக்கிறார்.

அவர் எதற்காக அழைக்கிறார் என்று நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. கவிழ்த்து வைத்த கைப்பேசி மேசைமேல் அதிர்ந்து அதிர்ந்து ஓயும்வரை கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறீர்களே, அதற்கு ஜெபம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

போதகர் காட்டிய வசனத்தோடு வேதத்தை மூடிவிட்டீர்கள் போலிருக்கிறது. இன்னும் மூன்று வசனம் படித்திருக்க வேண்டும். சாப்பிடக்கூட நேரமில்லாத சீடர்களை அழைத்துக்கொண்டு இயேசு படகில் ஏறுகிறார். மக்கள் கால்நடையாக ஓடி அவர்களுக்கு முன்பே அங்கே போய் நிற்கிறார்கள். தேடிப் போன தனிமை அங்கேயே கெட்டது. அவர் படகைத் திருப்பவில்லை. அவர்களைக் கண்டு மனமுருகிப் பொழுது சாயும்வரை போதித்து, ஐயாயிரம் ஆண்களுக்குப் பசியாற்றி, எல்லாரையும் அனுப்பிவைத்த பிறகே, 46ஆம் வசனத்தில், ஜெபிக்க மலைக்குப் போகிறார்.

அம்மாவுக்கிருந்த அமைதியைக் கேட்டீர்கள். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்பதற்காக இருட்டிலேயே பெரட்டில் போய் நிற்க வேண்டிய ஒரு பெண், தலைவிளக்கைக் கட்டிக்கொண்டே முணுமுணுத்த ஜெபத்தை யார் வேண்டுமானாலும் கெடுத்திருக்கலாம்; தூக்கம் கலைந்த நீங்களே அழுது கெடுத்திருப்பீர்கள். உங்களைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, நிரை நிரையாக மரம் சீவி, மரத்தில் கட்டிய கிண்ணங்களில் சேர்ந்த பாலை மங்கு மங்காக வாளியில் ஊற்றிச் சுமந்து வந்தவருக்கு, தொழிலாளர் லயத்து வீட்டில் சாத்திக்கொள்ள அறைக்கதவு ஏது? பிள்ளையின் அழுகையைத் தொந்தரவு என்று அவர் கணக்கு வைத்திருந்தால், இன்று நீங்கள் கிராணி நாற்காலியில் உட்கார்ந்து எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள்.

அடுத்த அதிகாரத்தையும் படித்துவிடுங்கள். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டுக் கைகழுவும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. அதைப் பக்தி என்று இயேசு ஒப்புக்கொள்ளவில்லை. கடவுளின் வார்த்தையையே அவமாக்குகிறீர்கள் என்று கண்டித்தார். உங்கள் ஏழரை மணியும் ஒரு கொர்பான்தான். பெற்றவர்களைப் பார்ப்பது, சபைக் காரியங்கள் எல்லாம் முடிந்து மிச்சம் கிடக்கும் நேரத்தில் செய்கிற வேலை அல்ல என்பது என் உறுதியான எண்ணம். இதில் போதகரே வந்து வாதாடினாலும் நான் இறங்கிவர மாட்டேன்.

இன்றிரவு அழைப்பு வந்தால் எடுங்கள். சாப்பிட்டாயா என்பார், பிள்ளைகளைக் கேட்பார், முட்டிவலியைச் சொல்வார், நேற்றுச் சொன்ன கதையையே மறுபடி சொல்வார்; அவசரப்படுத்தாதீர்கள். பேசி முடித்ததும், அம்மா, நீங்களே ஜெபம் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள். தனியாக உட்கார வேண்டுமானால் அதற்குப் பிறகு உட்காருங்கள், யார் தடுத்தது? சனிக்கிழமை பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நேரில் போங்கள்.

நேரம் எங்கே என்று திரும்ப எழுதாதீர்கள். புதன்கிழமைக் கூட்டத்தை வேறொருவர் நடத்தட்டும் என்று போதகரிடம் நாளைக்கே சொல்லிவிடுங்கள். அவர் முகம் சுளித்தால், வரும் ஞாயிறு மாற்கு ஏழாம் அதிகாரத்தில் பிரசங்கம் செய்யச் சொல்லுங்கள்.