பரணிலிருந்து இறங்கிய ஹார்ட் டிஸ்க்குகள்: கேள்வி பதில்

பட்டைக் கேபிளில் மாட்டும் பழைய ஐடிஇ வகை ஹார்ட் டிஸ்க்குகளை இன்றைய கணினியில் மாட்டுவது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். நினைத்ததைவிட அதிகமாகவே வந்துவிட்டது. நடுவில் கோவை சர்வீஸ்காரர் ஒருவரும் வாதத்துக்கு வந்தார். எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில்.

அப்பாவின் 2003-ஆம் வருடக் கணினி ஓடவில்லை. உள்ளே பட்டையான கேபிளில் ஒரு 40 ஜிபி டிஸ்க். என் லேப்டாப்பில் மாட்ட என்ன வாங்க வேண்டும்?

பட்டைக் கேபிள் என்றால் ஐடிஇ, 40 பின். யுஎஸ்பி அடாப்டர் போதும். ஆனால் தனியாக பவர் சப்ளை சேர்ந்து வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். மேஜைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க்கில் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும், யுஎஸ்பி அதைத் தராது.

பின்பக்கம் இரண்டு பின்களை இணைக்கும் ஒரு குட்டித் தொப்பி இருக்கும், அதுதான் ஜம்பர். அதை மாஸ்டரில், அதாவது முதல் டிஸ்க் என்ற இடத்தில் வையுங்கள். எந்த இடம் என்பது டிஸ்க்கின் லேபிளிலேயே அச்சிட்டிருக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் பல மாடல்களில் தனி டிஸ்க்காக மாட்டும்போது ஜம்பரே இருக்கக் கூடாது. 'அடாப்டர் வேலை செய்யவில்லை' என்று வருபவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஜம்பர்தான் காரணம்.

அப்புறம் நாலு பின் பவர் கனெக்டர். மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பு. ஒரு பக்கம் மூலை சீவியிருக்கும், ஆனாலும் மலிவான பிளாஸ்டிக் என்றால் அழுத்தினால் தலைகீழாகவும் ஏறும். ஒருமுறை அவசரத்தில் நானே அப்படி ஏற்றி, ஒரே நொடியில் புகை பார்த்திருக்கிறேன். டிஸ்க் என்னுடையது இல்லை என்பதுதான் கொடுமை.

முதலில் பவர். சுழலும் சத்தம் சீரானதும் யுஎஸ்பி. விண்டோஸ் 'ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்று கேட்டால் வேண்டாம் என்று மூடுங்கள். இதை முதல் முறை சொல்கிறேன்.

லேப்டாப் டிஸ்க்கில் அந்தக் கனெக்டர் நுழையவே இல்லை அண்ணா.

நுழையாது. 2.5 அங்குல டிஸ்க்கில் 44 பின், இடைவெளி 2 மில்லிமீட்டர்தான். 5 வோல்ட் மின்சாரமும் அதே வரிசையில் வந்துவிடும். பக்கத்தில் சற்றுத் தள்ளி நாலு பின் தெரிகிறதே, அது ஜம்பருக்கானது. கனெக்டரை அந்தப் பக்கம் தள்ளி மாட்டினால் மின்சாரம் தவறான பின்னில் பாயும். விளக்கு வெளிச்சத்தில் பார்த்து மாட்டுங்கள்.

யுஎஸ்பி 2.0 அடாப்டர் மெதுவாக இருக்காதா?

40 ஜிபிக்கு அரை மணி நேரம். டீ போட்டுக் குடியுங்கள்.

மேஜைக் கணினிக்கு உள்ளே செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு வாங்கலாமா, அல்லது யுஎஸ்பியே போதுமா?

ஒரே ஒரு டிஸ்க் என்றால் யுஎஸ்பி. பெட்டி நிறைய இருந்தால் கார்டு. 2006-இல் ஐசிஹெச்8 என்ற மதர்போர்டு சிப்போடு இன்டெல் ஐடிஇயைக் கைவிட்டது. அதன்பின் கொஞ்ச காலம் போர்டு தயாரிப்பாளர்கள் ஜேமைக்ரான் போன்ற தனிச் சிப்பை வைத்து ஒப்பேற்றினார்கள். இன்று கிடைக்கும் கார்டுகளிலும் பெரும்பாலும் அந்த வகைச் சிப்தான். டிஸ்க்கோடு நேராகப் பேசுவதால் ஸ்மார்ட் விவரங்கள் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைப்பது) தெளிவாகத் தெரியும், சாகக் கிடக்கும் டிஸ்க் இடையில் தொங்கினாலும் சமாளிக்கலாம். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் என்றால் ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ் (இரண்டாவது). கணினியை அணைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். இது பென் டிரைவ் இல்லை.

ஜம்பரை எங்கே வைப்பது?

முதல் பதில்.

1993-இல் வாங்கிய 210 எம்பி டிஸ்க். நன்றாகச் சுழல்கிறது, ஆனால் மூன்று அடாப்டர் மாற்றியும் கணினிக்குத் தெரியவில்லை.

நான்காவது வாங்காதீர்கள். அந்தக் காலத்து டிஸ்க்குகளில் பல, செக்டரை (512 பைட் துண்டு) 'எத்தனாவது சிலிண்டர், எந்த ஹெட்' என்று கேட்டால்தான் தரும். யுஎஸ்பி அடாப்டரின் சிப்போ எல்பிஏ என்ற வரிசை எண்ணில் மட்டும்தான் கேட்கும். பழுது ஒன்றுமில்லை, இரண்டுக்கும் பாஷை வேறு. 504 எம்பிக்குக் கீழே உள்ள டிஸ்க்குகளில் இந்தச் சந்தேகம் எப்போதும் இருக்கட்டும். பழைய ஐடிஇ போர்டு உள்ள கணினி ஒன்றைத் தேடுங்கள்.

இதைத்தான் நான் முதலிலிருந்தே சொல்கிறேன். அடாப்டர், கார்டு எல்லாம் தண்டச் செலவு. ஒரு பென்டியம் 3 கணினியை மூலையில் வைத்திருந்தால் எல்லா டிஸ்க்கும் படிக்கும். நான் கோவையில் 18 வருடம் சர்வீஸ் பார்த்தவன்.

சார், 210 எம்பிக்கு நீங்கள் சொல்வது சரி. எல்லா டிஸ்க்குக்கும் சரி என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பென்டியம் 3-இன் பவர் சப்ளையைத் திறந்து பார்த்து எத்தனை வருடம் ஆகிறது? கெப்பாசிட்டர் உப்பியிருந்தால் வோல்டேஜ் தள்ளாடும், அதில் மாட்டிய டிஸ்க்கும் சேர்ந்து போகும்.

அதைவிடப் பெரிய ஆபத்து விண்டோஸ் 98. சரியாக அணைக்கப்படாத டிஸ்க் என்று கண்டால் பூட் ஆகும்போதே ஸ்கேன்டிஸ்க் என்ற சோதனை புரோகிராம் ஓடி, 'சரிசெய்கிறேன்' என்று ஃபைல் அட்டவணையில் கை வைக்கும். ஒருவரின் கணக்கு ஃபோல்டர் முழுவதும் சிஹெச்கே என்று முடியும் துண்டுகளாக மாறியதை என் மேஜையிலேயே பார்த்தேன்.

98-இல் யார் பூட் செய்யச் சொன்னது? லினக்ஸ் சிடியில் பூட் செய்து, டிஸ்க்கை மவுன்ட் செய்யாமல் (ஃபைல்களைத் திறக்க இணைக்காமல்) நெட்வொர்க் கார்டு வழியாக நகலெடுத்தால் ஒரு பைட்கூட மாறாது.

அப்படிச் செய்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் 'பழைய கணினியில் மாட்டு' என்று சொன்னால், கேட்பவர் நேராக 98-இல்தான் போய் மாட்டுவார்.

இடையில் ஒரு சந்தேகம். என் 1.2 ஜிபி டிஸ்க் பழைய 486 கணினியில் சரியாக வேலை செய்தது. யுஎஸ்பியில் மாட்டினால் அளவு சரியாகத் தெரிகிறது, உள்ளே ஒன்றும் இல்லை. ஃபார்மேட் கேட்கிறது.

ஃபார்மேட் வேண்டாம். இரண்டாம் முறை. உங்கள் கேள்விதான் இன்றைக்கு வந்ததிலேயே சுவையானது. 486-இன் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் புரோகிராம்) பலவற்றுக்கு 504 எம்பிக்கு மேல் கண் தெரியாது. அதைத் தாண்ட டிஸ்க் மேனேஜர் என்று ஒரு புரோகிராமை டிஸ்க்கின் தொடக்கத்திலேயே ஏற்றிவிடுவார்கள். அது உட்கார இடம் வேண்டி மற்ற எல்லாவற்றையும் 63 செக்டர் பின்னால் தள்ளிக் கணக்கு வைக்கும். அது ஓடும்வரை எல்லாம் சரி. வெளியிலிருந்து பார்க்கும் விண்டோஸுக்கு அந்தக் கணக்கு தெரியாது, அதனால் காலி என்கிறது. டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் புரோகிராமை வைத்து முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலாக நகலெடுங்கள். பிறகு அந்த நகலில் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு புரோகிராமை ஓடவிட்டால் பார்டிஷனை (டிஸ்க்கின் பிரிவை) கண்டுபிடித்துவிடும். கையால் செய்வதென்றால் 63 பெருக்கல் 512, அதாவது 32,256 பைட் தள்ளித் திறந்து பாருங்கள்.

486-ஐயே வைத்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லையே!

சார், விடுங்கள். 486 அவரிடம் இப்போது இல்லை.

ஸ்கஸி டிஸ்க், 50 பின். அடாப்டர் உண்டா?

அது ஐடிஇ இல்லை, வேறு வகை இணைப்பு. என் துறையும் இல்லை. அதற்கென உள்ள கார்டும், கேபிள் முனையில் மாட்டும் டெர்மினேட்டரும் வேண்டும். ஐடிஇ கேபிளைத் திணித்துப் பார்க்காதீர்கள்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் அப்பாவின் ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது.

எக்ஸ்பி காலத்துப் பயனர் பூட்டு. அட்மினாக உள்ளே போய் ஓனர்ஷிப்பை மாற்றினால் திறக்கும். நகலெடுத்த பிறகு, நகலில் மாற்றுங்கள்.

டிக் டிக் என்று சத்தம் வருகிறது. ஃபிரீசரில் வைத்தால் சரியாகும் என்கிறார்களே?

ஐஸ்கிரீம் சரியாகும். பவரை எடுங்கள், திரும்பப் போடாதீர்கள். உள்ளே இருப்பது முக்கியம் என்றால் டேட்டா மீட்பு ஆட்களிடம் கொடுங்கள்.

சார், ஃபார்மேட் கேட்டது, ஓகே கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் முறை சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தேன். சரி. குவிக் ஃபார்மேட் என்றால் அட்டவணை மட்டும் போயிருக்கும், படங்களும் கடிதங்களும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. எதையும் அதில் எழுதாதீர்கள். முழு நகலெடுத்து, ஃபோட்டோரெக் என்ற மீட்பு புரோகிராம் கொண்டு வேறு டிஸ்க்கில் மீட்டெடுங்கள். குவிக் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் ஓடவிட்டிருந்தால், விஸ்டா முதல் வந்த விண்டோஸ் எல்லா இடத்திலும் பூஜ்யத்தை எழுதிவிடும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

எங்கள் அச்சகத்தின் 1998-ஆம் வருட டிஸ்க் படித்துவிட்டது. ஆனால் தமிழ் ஃபைல்கள் எல்லாம் ஏதோ ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தெரிகின்றன. டிஸ்க் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. அப்போது யூனிகோட் புழக்கத்தில் இல்லை. ஒவ்வொரு எழுத்துருவும் தன் இஷ்டத்துக்கு ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழை உட்காரவைத்திருந்தது. 1999-இல்தான் தமிழக அரசு டாம், டாப் என்று எழுத்துருக் குறியீட்டுக்குத் தரம் வகுத்தது. அதனால் எந்த எழுத்துருவில் அடித்தீர்களோ அதே எழுத்துரு இருந்தால்தான் படிக்க முடியும். அது அந்த டிஸ்க்கிலேயே, விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸில் இருக்கும். ஃபைல்களை மட்டும் எடுத்துக்கொண்டு டிஸ்க்கைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள், அந்த ஃபோல்டரையும் எடுங்கள். பிறகு எழுத்துருமாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடாக்கலாம்.

ஜம்பர் மாஸ்டரா ஸ்லேவா?

முதல் பதில், இரண்டாவது பத்தி வரைக்கும் படியுங்கள். நான் டீ குடிக்கப் போகிறேன்.